கூண்டா, தொட்டியா, தேன்பெட்டியா?

வீட்டில் புதிதாக ஓர் உயிரை வளர்க்க ஆசைப்படும் வாசகர்கள், வளர்க்கத் தொடங்கித் திணறும் வாசகர்கள் என இரு தரப்பிலிருந்தும் கடிதங்கள் வந்திருக்கின்றன. இந்த இதழில் எட்டுக் கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும்.

எங்கள் மகளுக்கு 9 வயது. எதையாவது வளர்க்க வேண்டும் என்று ஒரு வருடமாகக் கேட்கிறாள். மூன்றாவது மாடி அபார்ட்மென்ட். நாய், பூனைக்கு வழியில்லை. முயல், வெள்ளெலி (ஹாம்ஸ்டர்), லவ் பேர்ட்ஸ், மீன், இவற்றில் எதை வாங்கலாம்?
– வாசகி, கோவை

கடைக்குப் போவதற்கு முன் இரண்டு கணக்குகளைப் போட்டுவிடுங்கள். முதலாவது ஆயுள் கணக்கு. கப்பி மீன் இரண்டு ஆண்டு இருக்கும். பைட்டர் மீனும் வெள்ளெலியும் இரண்டு, மூன்று ஆண்டு. நம் ஊரில் லவ் பேர்ட்ஸ் என்ற பெயரில் விற்கும் பட்ஜி, நல்ல பராமரிப்பில் 5 முதல் 10 ஆண்டு. காக்டெயில் 15 ஆண்டையும் தாண்டும். முயல் 8 முதல் 10 ஆண்டு. இன்று முயல் வாங்கினால், மகள் கல்லூரி விடுதிக்குப் போன பிறகு அந்தக் கிழட்டு முயலைப் பார்த்துக்கொள்வது நீங்கள்தான். அதற்கு மனம் இருந்தால் மட்டும் வாங்குங்கள்.

இரண்டாவது, ஊருக்குப் போகும் கணக்கு. பொங்கலுக்கு நான்கு நாள் வீட்டைப் பூட்டினால் யார் பார்ப்பது? வளர்ந்த மீன் நான்கு நாள் இரையில்லாமல் இருந்தால் ஒன்றும் ஆகாது. பட்ஜி ஒரு நாள் பட்டினி கிடந்தாலே ஆபத்து. முயல் 12 மணி நேரம் எதையும் தின்னாவிட்டால் குடல் இயக்கம் நின்றுவிடக்கூடும். அது உடனே மருத்துவரிடம் ஓட வேண்டிய நிலை.

வெள்ளெலியைப் பலரும் குழந்தைகளுக்கென்றே வாங்குகிறார்கள். அது இரவில் நடமாடும் விலங்கு. பள்ளிவிட்டு வந்த பிள்ளை தூங்கும் எலியை எழுப்பித் தூக்கினால் கடிதான் கிடைக்கும். ஜோடியாக வாங்கி ஒரே கூண்டில் விட்டால் சண்டையிட்டு ஒன்று மற்றொன்றைக் கொன்றுவிடுவதும் உண்டு.

உங்கள் வீட்டுக்கு 20 லிட்டர் தொட்டியில் ஒரே ஒரு பைட்டர் மீன் போதும் என்பேன். கடையில் அதைக் கையளவு குப்பியில் வைத்திருப்பதைப் பார்த்து, அவ்வளவு இடமே அதற்குப் போதும் என்று நினைத்துவிடாதீர்கள். தண்ணீருக்கு மேலே வந்து நேரடியாகக் காற்றைச் சுவாசிக்கும் உறுப்பு அதற்கு இருப்பதால் குப்பியில் உயிரோடு இருக்கிறது. அதை வாழ்வது என்று சொல்ல முடியாது. சமவெளி ஊர்களின் வெப்பமே அதற்குப் பொருந்தும், ஹீட்டர் வேண்டியதில்லை. காலையில் 3 உருண்டை, மாலையில் 3 உருண்டை தீனி. துள்ளி வெளியே விழும் பழக்கம் உண்டு, ஆகவே மூடி கட்டாயம். ஆணோடு இன்னொரு ஆணையோ பெண்ணையோ சேர்க்க வேண்டாம். வாங்குவதற்கு முன் அடுத்த பதிலை முழுக்கப் படித்துவிடுங்கள்.

இரண்டு அடித் தொட்டி வாங்கி, அன்றே 12 கோல்டு பிஷ் விட்டோம். ஐந்தாம் நாளிலிருந்து ஒவ்வொன்றாகச் செத்தன. தண்ணீரை முழுக்க மாற்றி, தொட்டியைச் சோப்புப் போட்டுக் கழுவி, பில்டர் பஞ்சைக் குழாயடியில் அலசி, மறுபடி 8 மீன் விட்டோம். அவையும் போய்விட்டன. தண்ணீர் பளிங்குபோல் இருக்கிறது. எங்கே தவறு?
– வாசகர், சென்னை

பளிங்குபோல் இருக்கும் தண்ணீரிலும் மீனைக் கொல்லும் அளவு அம்மோனியா இருக்கலாம். மீன் தன் செவுள் வழியாகவே ஓயாமல் அம்மோனியாவை வெளியேற்றுகிறது. மிஞ்சிய தீனியும் கழிவும் அழுகி மேலும் சேர்க்கின்றன. அதற்கு நிறம் கிடையாது. நீங்கள் பார்த்திருக்கக்கூடிய ஒரே அடையாளம், மீன்கள் மேல்மட்டத்தில் வாயைப் பிளந்தபடி நின்றதும் செவுள்கள் கன்றிச் சிவந்ததும்தான்.

பழகிய தொட்டியில் இந்த நஞ்சைத் தின்பதற்கென்று பாக்டீரியாக்கள் உண்டு. ஒரு வகை அம்மோனியாவை நைட்ரைட் ஆக்கும். அதுவும் நஞ்சுதான். அடுத்த வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட் ஆக்கும். நைட்ரேட் ஓரளவு சேர்ந்தாலும் மீன் தாங்கிக்கொள்ளும், வாரந்தோறும் தண்ணீர் மாற்றும்போது வெளியே போய்விடும். இந்த பாக்டீரியாக்களின் குடியிருப்பு தண்ணீரில் இல்லை. பில்டர் பஞ்சிலும் கூழாங்கல்லின் மேற்பரப்பிலும்தான் அவை ஒட்டி வாழ்கின்றன. போதிய அளவு பெருக 4 முதல் 6 வாரம் ஆகும். உங்கள் தொட்டியில் முதல் நாள் அவை இல்லவே இல்லை. கொஞ்சம் உருவாகத் தொடங்கியபோது சோப்பும் குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரும் அவற்றைக் கொன்றுவிட்டன. ஆக, இரண்டாம் முறையும் முதல் நாளிலிருந்தே தொடங்கியிருக்கிறீர்கள்.

சென்னையில் இன்னொரு சிக்கலும் சேர்கிறது. பல வீடுகளின் போர் தண்ணீர் காரத்தன்மை மிக்கது. தண்ணீரின் காரத்தன்மையைக் காட்டும் பிஹெச் அளவு 7-இலிருந்து 8-க்கு ஏறினால், அதே அளவு அம்மோனியாவில் நச்சு வடிவம் ஏறத்தாழ 10 மடங்காகிறது. ஒரே கடையில் ஒரே நாளில் மீன் வாங்கிய இருவரில் ஒருவர் வீட்டில் மட்டும் மீன் சாவதற்கு இது ஒரு காரணம்.

இப்போது செய்ய வேண்டியது இது. தொட்டியைச் சோப்பில்லாமல் நன்றாக அலசுங்கள். சோப்பின் வழவழப்பு துளியும் மிஞ்சக் கூடாது. காற்று பம்பில் இயங்கும் பஞ்சு பில்டரைப் பொருத்துங்கள். பம்பைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே மாட்டுங்கள். கீழே வைத்தால் மின்சாரம் நின்றதும் தண்ணீர் குழாய் வழியே இறங்கி பம்பைக் கெடுப்பதோடு தரையையும் நனைத்துவிடும். மெட்ரோ தண்ணீரானால் வாளியில் பிடித்து ஒரு நாள் திறந்து வைத்துவிட்டு ஊற்றுங்கள். மீன் விடாமல், தினமும் ஒரு சிட்டிகை மீன் தீனியைப் போட்டு பில்டரை ஓடவிடுங்கள். அது அழுகி வரும் அம்மோனியாவே பாக்டீரியாவுக்குச் சாப்பாடு. நோயில்லாத பழைய தொட்டி வைத்திருக்கும் நண்பர் யாராவது இருந்தால், அவருடைய பில்டர் பஞ்சில் ஒரு துண்டை ஈரம் காயாமல் வாங்கி வந்து உங்கள் பில்டரோடு வையுங்கள். ஆறு வாரக் காத்திருப்பு பாதியாகவோ அதற்கும் குறைவாகவோ சுருங்கும். இந்த ஒரு துண்டுப் பஞ்சு, கடையில் விற்கும் எந்தத் திரவத்தையும்விட நம்பகமானது.

சொட்டு மருந்துபோல் விட்டு நிறம் பார்க்கும் பரிசோதனை கிட் ஒன்று அவசியம் வாங்குங்கள். அம்மோனியா பூஜ்யம், நைட்ரைட் பூஜ்யம், நைட்ரேட் மட்டும் தெரிகிறது என்ற நிலை வந்த பிறகே மீன். அப்போதும் முதலில் 4 மட்டும். இரண்டு வாரம் கழித்து மீதி.

கோல்டு பிஷ்ஷை மறந்துவிடுங்கள். அது 15, 20 சென்டிமீட்டர் வளரும், கழிவு மிக அதிகம், 10 ஆண்டுக்கு மேல் வாழக்கூடியது. இரண்டு அடித் தொட்டியில் உண்மையில் நிற்கும் தண்ணீர் ஏறத்தாழ 45 லிட்டர். அது ஒரு கோல்டு பிஷ்ஷுக்கே நெருக்கடி. உங்கள் கடினத் தண்ணீருக்குக் கப்பி, மோலி, பிளாட்டி ஆகியவை இயல்பாகவே பொருந்தும். நியான் டெட்ராவுக்கும் டிஸ்கஸுக்கும் மென்மையான தண்ணீர் வேண்டும். கொளத்தூர் கடைகளில் அவை எவ்வளவு அழகாகத் தெரிந்தாலும் உங்கள் வீட்டுக்கு வேண்டாம். கப்பியில் ஆண் மட்டும் 8 வாங்குங்கள். பெண் கப்பி ஒரு முறை இணைசேர்ந்தாலே விந்தைச் சேமித்து வைத்துப் பல மாதங்களுக்கு, மாதம் ஒரு முறை குட்டி போடும். அரை ஆண்டில் தொட்டி நிரம்பி, மறுபடியும் அம்மோனியா பிரச்சினையில் வந்து நிற்பீர்கள்.

வாரம் ஒரு முறை கால் பங்குத் தண்ணீரை மாற்றினால் போதும். முழுக்க மாற்ற வேண்டிய நாள் ஒன்று வரவே கூடாது. பஞ்சு அடைத்துக்கொண்டால், தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரிலேயே பிழிந்து கழுவுங்கள். ‘டேங்க் கிளீனர்’ என்று தரும் சக்கர் மீனை வாங்காதீர்கள். அது தொட்டியைச் சுத்தம் செய்யாது. ஒன்றரை அடி வரை வளரும். வளர்ந்ததும் மனம் கேளாமல் ஏரியில் கொண்டுபோய் விட்டவர்களால் தமிழகத்தின் நீர்நிலைகளில் அது பெருகி, நாட்டு மீன்களின் இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

மழையில் மரம் முறிந்து பச்சைக்கிளிக் குஞ்சு ஒன்று விழுந்தது. எடுத்து வந்து வைத்திருக்கிறோம். வளர்க்கலாமா? எங்கள் தெருவில் இரண்டு வீடுகளில் கிளி இருக்கிறது.
– வாசகி, தஞ்சாவூர்

வளர்க்கக் கூடாது. பச்சைக்கிளி 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும் பறவை. 2022-இல் வந்த திருத்தத்துக்குப் பின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. பிடிப்பது, விற்பது, வாங்குவது, கூண்டில் வைத்திருப்பது எல்லாமே குற்றம். தெருவில் எத்தனை வீட்டில் இருந்தாலும் அது மாறாது. மைனாவுக்கும், சந்தையில் சாயம் பூசி விற்கும் சில்லைக் குருவிகளுக்கும் இதே விதிதான்.

குஞ்சுக்கு இப்போது தேவை வெதுவெதுப்பும் இருட்டும். காற்றுத்துளை போட்ட அட்டைப்பெட்டியில் பழைய பருத்தித் துணியை விரித்து, மின்விசிறி படாத மூலையில் வையுங்கள். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். பால் கொடுக்கவே கூடாது, பறவைக்கு அது செரிக்காது. கூடு இருந்த மரப்பொந்து மிஞ்சியிருந்து, தாய்ப்பறவை சுற்றிக்கொண்டிருந்தால், குஞ்சை அந்தப் பொந்திலேயே திருப்பி வைப்பதுதான் முதல் வழி. மனிதக் கை பட்டால் தாய் சேர்க்காது என்று சொல்வதில் உண்மையில்லை. பொந்து போய்விட்டது என்றால் இன்றைக்கே மாவட்ட வன அலுவலகத்துக்குத் தகவல் சொல்லி ஒப்படையுங்கள்.

கிளிகளைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்பதுதான் ஆசையானால் மொட்டை மாடி இருக்கிறது. ஓர் அகன்ற மண்சட்டியில் இரண்டு அங்குல ஆழத்துக்குத் தண்ணீர், பூனை ஏற முடியாத இடம், தினமும் கழுவி மாற்றும் பழக்கம், இவ்வளவுதான். இரண்டு நாளுக்கு மேல் தேங்கினால் கொசு முட்டையிடும்.

‘லவ் பேர்ட்ஸ்’ ஒரு ஜோடி வாங்கினேன். 9 முட்டை இட்டு ஒன்றுகூடப் பொரிக்கவில்லை. ஜோடி மாற்ற வேண்டுமா?
– வாசகர், திருப்பூர்

ஒன்பது முட்டை என்றதுமே சந்தேகம் வருகிறது. பட்ஜி வழக்கமாக ஒரு ஈட்டுக்கு 4 முதல் 6 முட்டைதான் இடும். உங்களிடம் இருப்பவை இரண்டு பெட்டைகளாக இருக்கலாம். இரண்டும் கூண்டில் கட்டிய ஒரே பானையில் கருவில்லாத முட்டைகளை இட்டிருக்கும்.

அலகுக்கு மேலே, மூக்குத் துளைகள் இருக்கும் மெழுகு போன்ற பகுதியைப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். வளர்ந்த ஆணுக்கு அது நல்ல நீலம். முட்டையிடும் பருவத்துப் பெட்டைக்குப் பழுப்பு, தோல் தடித்து மொரமொரப்பாக இருக்கும். வெள்ளை, மஞ்சள் நிற ரகங்கள் சிலவற்றில் ஆணுக்கும் இளஞ்சிவப்பாகவே இருப்பதால் அங்கே இந்த அடையாளம் ஏமாற்றும். வயதையும் பாருங்கள். நெற்றியில் கறுப்புக் கோடுகள் மூக்கு வரை இறங்கியிருந்தால் அது 4 மாதம்கூட ஆகாத குஞ்சு. ஒரு வயதுக்குக் குறைந்த ஜோடிக்குப் பானை கட்டாதீர்கள்.

ஆண், பெண் சரியாகவே இருந்தால் ஏழாம் நாள் ஒரு முட்டையை இருட்டறையில் டார்ச் வெளிச்சத்துக்கு மேல் பிடித்துப் பாருங்கள். கருவிருந்தால் சிலந்தி வலைபோல் சிவப்பு நரம்புகள் ஓடும். இல்லையென்றால் மஞ்சளாகத் தெளிவாக இருக்கும். ஒருநாள் விட்டு ஒருநாள் இடுவதால் முட்டைகள் ஒரே நாளில் பொரியாது, ஒவ்வொன்றுக்கும் 18 நாள் கணக்கு. அதற்குள் பானைக்குள் கைவிட்டுக் கொண்டே இருந்தால் பெட்டை அடைகாப்பதை விட்டுவிடும்.

தினையும் சாமையும் மட்டும் போட்டால் சுண்ணாம்புச்சத்து போதாது. நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் கடல்நுரையை, அதாவது கணவாய் ஓட்டை, கூண்டுக் கம்பியில் கட்டிவிடுங்கள். சத்துக் குறைந்த பெட்டைக்கு முட்டை வயிற்றிலேயே சிக்கி உயிர் போகும். கொத்தமல்லி, முருங்கைக்கீரையை நன்றாகக் கழுவி வாரத்தில் மூன்று நாள் கொடுக்கலாம். இரண்டு ஈடுகளுக்குப் பின் பானையைக் கழற்றிவிட்டு அரை ஆண்டு ஓய்வு கொடுங்கள்.

கூண்டு சமையலறைப் பக்கம் இருந்தால் இன்றே இடம் மாற்றுங்கள். நான்-ஸ்டிக் கல் வெறுமையாக அடுப்பில் இருந்து அளவுக்கு மீறிச் சூடானால் வரும் ஆவி, நமக்குத் தெரியாமலே சில நிமிடங்களில் பறவையைக் கொன்றுவிடும். கொசுவர்த்தி, சாம்பிராணிப் புகையும் ஆகாது.

கடைக்காரர் ‘பிஷ்ஷர்’ என்ற ஆப்பிரிக்கன் லவ் பேர்ட் தருகிறார். வெளிநாட்டுப் பறவைக்கு அனுமதி எதுவும் தேவையில்லை என்கிறார். சரியா?
– வாசகர், சேலம்

சரியில்லை. பட்ஜி, காக்டெயில், முகம் மட்டும் ரோஜா நிறமான லவ் பேர்ட், இந்த மூன்றும் சைட்டிஸ் எனப்படும் பன்னாட்டு வன உயிர் வணிக ஒப்பந்தத்தின் பட்டியலில் இல்லை. பிஷ்ஷர் அதன் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. மக்காவ், கொக்கட்டூ, ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி, இகுவானா, பால் பைத்தான் எல்லாமே பட்டியலில் உள்ளவை. இவற்றை வைத்திருப்போர் 2024-இல் மத்திய அரசு அறிவித்த விதிகளின்படி பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். குஞ்சு பொரித்தாலும், இறந்தாலும், வேறொருவருக்குக் கொடுத்தாலும் அங்கே தெரிவிக்க வேண்டும். பறவை எங்கிருந்து வந்தது என்பதற்கான எழுத்துச் சான்றும் பில்லும் தராத கடையில் வாங்காதீர்கள். பின்னாளில் கேள்வி உங்களிடம்தான் வரும்.

வாஸ்துவுக்கு நல்லது என்று நட்சத்திர ஆமை வைக்கச் சொல்கிறார்கள். கிடைக்காவிட்டால் கடையில் விற்கும் ரூபாய் நாணய அளவுப் பச்சை ஆமையாவது வாங்கலாமா?
– வாசகி, மதுரை

இரண்டும் வேண்டாம். நட்சத்திர ஆமை நம் நாட்டுச் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டது. கடத்தல் மிகுந்ததால் 2019-இல் ஜெனிவாவில் நடந்த சைட்டிஸ் மாநாட்டில் முதல் பட்டியலுக்கு உயர்த்தப்பட்டது. புதர்க்காட்டில் புல் மேய்ந்து நடமாட வேண்டிய விலங்கு அது, அலமாரிக்குக் கீழே அதற்கு வாழ்க்கை இல்லை.

கண்ணுக்குப் பின்னால் சிவப்புப் பட்டை உள்ள அந்தப் பச்சை ஆமை அமெரிக்க இனம். பெட்டை ஓர் அடி நீளம் வரை வளரும், 30 ஆண்டு வாழக்கூடியது. நீந்த 300 லிட்டருக்குக் குறையாத தண்ணீர், ஏறி வெயில் காய மேடை, வீட்டுக்குள் என்றால் புற ஊதாக் கதிர் விளக்கு, இவ்வளவும் வேண்டும். வெயிலும் சுண்ணாம்புச்சத்தும் இல்லாவிட்டால் ஓடு ரப்பர்போல் நெகிழ்ந்துவிடும். ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் கோயில் தெப்பக்குளத்தில் விட்டுப் புண்ணியம் தேட வேண்டாம். உலகின் மிக மோசமான 100 அந்நிய ஆக்கிரமிப்பு இனங்களின் பட்டியலில் இருக்கும் ஆமை அது. பெரிய தொட்டி வைத்திருப்பவரைக் கண்டுபிடித்துக் கைமாற்றுங்கள்.

மாடியில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே வைத்திருந்த இரண்டு முயல்கள் சென்ற மே மாதம் ஒரே மதியத்தில் இறந்தன. கேரட், முட்டைக்கோஸ் எல்லாம் குறைவில்லாமல் கொடுத்தோம்.
– வாசகர், வேலூர்

வெயில்தான் காரணமாக இருக்க வேண்டும். முயலுக்கு வியர்க்காது. உடல் சூட்டைப் பெரும்பாலும் காது வழியாகத்தான் வெளியேற்றுகிறது. 30 டிகிரிக்கு மேலேயே அதற்குச் சிரமம். வேலூர் வெயிலில், ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே, பிழைக்க வழியே இல்லை.

மறுபடியும் வளர்ப்பதானால் வீட்டுக்குள், தரைத்தளத்தில், மின்விசிறியுள்ள அறையில் வையுங்கள். தரையில் ஒரு கிரானைட் துண்டு, துணி சுற்றிய உறைந்த தண்ணீர் பாட்டில் ஒன்று. முயல் தானாகப் போய் ஒட்டிப் படுத்துக்கொள்ளும். காது கொதித்து, மூக்கு நனைந்து, வேகமாக இரைத்தால் ஈரத்துணியால் காதைத் துடைத்தபடி மருத்துவரிடம் கொண்டுபோங்கள். குளிர்ந்த தண்ணீரில் முக்கினால் அந்த அதிர்ச்சியே கொல்லும்.

தீனியையும் மாற்ற வேண்டும். முயலின் பல் வாழ்நாள் முழுக்க வளர்வது. தேய்வதற்குப் புல்லை மென்றுகொண்டே இருக்க வேண்டும். தீனியில் ஐந்தில் நான்கு பங்கு காய்ந்த புல்லாக இருக்கட்டும். வைக்கோலில் சத்தில்லை. அறுகம்புல்லையும், மாட்டுக்கு வளர்க்கும் கோ-4 புல்லையும் நிழலில் உலர்த்திக் கொடுக்கலாம். கேரட் இனிப்புப் பண்டம் மாதிரி, விரல் நுனியளவு போதும். முட்டைக்கோஸ் வயிற்றில் வாயுவை ஏற்றும். கம்பிவலைத் தரை பாதத்தைப் புண்ணாக்கும், மேலே பலகையோ சாக்கோ விரியுங்கள். அதிகாலையில் தன் மென்மையான புழுக்கையையே தின்பதைப் பார்த்துப் பயப்படாதீர்கள், அதில்தான் அதற்கு வேண்டிய வைட்டமின்கள் இருக்கின்றன.

எங்கள் பழைய வீட்டுச் சுவர் ஓட்டையில் கொசுத்தேனீ கூடு இருக்கிறது. பூசும் வேலை தொடங்கப் போகிறோம். அவற்றைக் கொல்லாமல் பெட்டிக்கு மாற்றி வளர்க்க முடியுமா? கொட்டுமா?
– வாசகி, நாகர்கோவில்

கொட்டாது, அதற்குக் கொடுக்கு கிடையாது. கூட்டைக் கலைத்தால் தலைமுடிக்குள் புகுந்து கடிக்கும், அவ்வளவே. வீட்டில் வளர்க்க இதைவிடப் பொருத்தமான உயிர் நம் பக்கத்தில் குறைவு. தீனி வாங்க வேண்டாம், ஊருக்குப் போனால் கவலை வேண்டாம், கூண்டும் இல்லை. மாடித் தோட்டத்துக் காய்களும் நன்றாகப் பிடிக்கும்.

பூச்சு வேலையை முடிந்தால் நான்கைந்து மாதம் தள்ளிப்போடுங்கள், குறைந்தது அந்தச் சுவரை மட்டுமாவது விட்டுவையுங்கள். அவசரப்பட்டுச் சுவரை உடைத்தால் தேன்குடங்கள் நசுங்கி, எறும்பும் ஈயும் மொய்த்துக் கூடு அழிந்துவிடும்.

முதலில் பெட்டி. உள்ளளவு 30 சென்டிமீட்டர் நீளம், 8 அகலம், 8 உயரம், ஏறத்தாழ 2 லிட்டர் கொள்ளளவு. பலகை 2 சென்டிமீட்டர் தடிமனாவது இருக்க வேண்டும், மெல்லிய பலகை வெயிலில் காய்ந்து உள்ளே மெழுகு இளகிவிடும். உட்புறத்தில் வார்னிஷோ பெயின்டோ படக்கூடாது. நடுவில் கிடையாக இரண்டு சம பாதிகளாகப் பிரியும்படி ஆசாரியிடம் சொல்லிச் செய்யுங்கள், பின்னால் கூட்டைப் பிரிக்கும்போது அதன் அருமை தெரியும். முன்பக்கம் ஒரு சென்டிமீட்டர் துளை, பின்பக்கம் அரை அங்குலக் குழாய் நுழையும் துளை.

சுவர் ஓட்டையின் வாயில் பழுப்பு நிறத்தில் ஒரு பிசின் குழல் நீட்டிக்கொண்டிருக்குமே, அதை மாலையில் கவனமாகப் பெயர்த்தெடுத்துப் பெட்டியின் முன் துளையைச் சுற்றி ஒட்டுங்கள். அந்த வாசனைதான் வெளியே போன தேனீக்குப் புது வாசலை அடையாளம் காட்டும். இனி ஒரு முழ நீள ஒளிபுகும் குழாயின் ஒரு முனையைச் சுவர் ஓட்டையில் செருகி, சுற்றிலும் களிமண்ணால் இம்மியும் இடைவெளி இல்லாமல் அடையுங்கள். மறுமுனை பெட்டியின் பின் துளைக்குள் போகட்டும். இப்போது கூட்டிலிருந்து வெளியே போக, பெட்டி வழியாக மட்டுமே பாதை. இரண்டு மூன்று நாள் குழப்பத்தில் சுவரைச் சுற்றும். சுவரில் வேறு விரிசல் இருந்தால் அதன் வழியே போய்வரத் தொடங்கிவிடும், அந்த விரிசலையும் அடைத்துவிடுங்கள். இந்த முறை தோற்பதற்கு முதல் காரணம் இந்த விரிசல்தான்.

நாளாவட்டத்தில் தேனீக்கள் வழியிலிருக்கும் காலிப் பெட்டியைச் சேமிப்புக் கிடங்காக்கிக்கொள்ளும். முதலில் பிசின், பிறகு கொண்டைக்கடலை அளவில் தேன்குடங்கள், மகரந்தக் குடங்கள். இவற்றைப் பார்த்தவுடன் குழாயைக் கழற்றிவிடாதீர்கள். மிளகு அளவில் திராட்சைக் கொத்துபோல் நெருங்கிய வெளிர்பழுப்பு உருண்டைகள், அவைதான் முட்டை அறைகள், பெட்டிக்குள் வந்தால் ராணி வந்துவிட்டாள் என்று பொருள். மூன்று நான்கு மாதத்திலும் வரலாம், வராமலும் போகலாம். வராவிட்டால் மார்த்தாண்டம் பக்கம் கொசுத்தேனீ வளர்ப்போரிடம், மற்றவற்றைவிடப் பெரிதான ராணி அறையோடு கூடிய ஒரு கைப்பிடி முட்டைக்கொத்தை வாங்கிவந்து உள்ளே வைத்து, இருட்டிய பின் இணைப்பைத் துண்டியுங்கள். புது ராணி பிறந்து பெட்டியை எடுத்துக்கொள்வாள்.

துண்டித்ததும் பெட்டியை நினைத்த இடத்துக்கு நகர்த்தக் கூடாது. பறந்து போன தேனீ பழைய இடத்துக்குத்தான் திரும்பும். நாளுக்கு ஓர் அடியாக நகர்த்துங்கள். காலை வெயில் படும், மதிய வெயிலும் மழையும் படாத இடம், நான்கைந்து அடி உயரம் நல்லது. கம்பியில் தொங்கவிட்டால் கம்பியின் நடுவில் கிரீஸ் தடவுங்கள், எறும்பு ஏறாது. வாசலுக்கு எதிரே சிலந்தி வலை கட்டினால் அன்றாடம் கலைத்துவிடுங்கள். பல்லியும் வாசலோரம் காத்திருந்து ஒவ்வொன்றாகப் பிடிக்கும். கொசுமருந்துப் புகை அடிக்க வரும் நாளில் வாசலை ஈரத்துணியால் மூடி, புகை அடங்கியதும் திறந்துவிடுங்கள்.

துளசி, திருநீற்றுப்பச்சை, முருங்கை, டேபிள் ரோஸ், கொடிரோஜா ஆகியவை இருந்தால் ஆண்டு முழுக்க ஏதோ ஒரு பூ இருக்கும். தென்னை இருந்தால் மகரந்தத்துக்குக் குறைவில்லை. காலையில் வாசலுக்கு அருகே நின்று பாருங்கள். பின்னங்கால்களில் மஞ்சள் உருண்டைகளோடு வரும் தேனீ வரிசை நிற்காமல் இருந்தால் உள்ளே எல்லாம் நலம். மகரந்த வரத்து ஒரு வாரம் நின்றால் மட்டும் பெட்டியைத் திறந்து பாருங்கள். அடைமழைக் காலத்தில் சேமிப்பு குறைந்திருந்தால் சர்க்கரையும் வெந்நீரும் சம அளவு கலந்து ஆறவைத்து, பாட்டில் மூடியில் சில குச்சிகளோடு உள்ளே வைக்கலாம். குச்சி இல்லாவிட்டால் தேனீக்கள் மூழ்கிச் சாகும்.

தேன் எடுப்பது மாசியிலிருந்து சித்திரைக்குள். ஒரு பெட்டியில் ஆண்டுக்கு 200, 300 கிராம் கிடைத்தால் நல்ல விளைச்சல். அதற்கு மேல் ஆசைப்பட்டால் மழைக்காலத்தில் கூடு பட்டினி கிடக்கும், ஆகவே பாதிக் குடங்களையாவது விட்டுவையுங்கள். முட்டைக்கொத்தைத் தொடாமல், ஓரத்துத் தேன்குடங்களை மட்டும் சுத்தமான ஊசியால் குத்திப் பெட்டியைச் சாய்த்து வடியுங்கள். மகரந்தக் குடங்கள் உடைந்தால் தேன் புளிப்பதோடு, அந்த வாசனைக்குச் சிறு கூன்முதுகு ஈக்கள் வந்து முட்டையிடும். அவற்றின் புழுக்கள் நான்கைந்து நாளில் கூட்டையே தின்றுவிடும். சிந்தியதைத் துடைத்து, மூடியின் இடுக்கு முழுவதையும் காகித டேப்பால் ஒட்டிய பிறகே நகருங்கள்.

இந்தத் தேனில் ஈரப்பதம் அதிகம், கொஞ்சம் புளிக்கவும் செய்யும். வெளியே வைத்தால் நுரைத்துப் பொங்கும், ஆகவே கண்ணாடிச் சீசாவில் ஊற்றிக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். பிறந்த குழந்தைக்குச் சேனை வைக்க என்று அக்கம்பக்கத்தார் கொசுத்தேன் கேட்டு வருவார்கள். எவ்வளவு நெருங்கியவர்களானாலும் கொடுக்காதீர்கள். எந்தத் தேனானாலும் ஒரு வயது நிரம்பாத குழந்தையின் நாக்கில் வைக்கக் கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒரு பாக்டீரியாவின் விதைமணிகள் பிஞ்சுக் குடலில் முளைத்து, தசைகளைச் செயலிழக்கச் செய்யும் நஞ்சை உண்டாக்கும்.